கடலில்லாத ஊரில் கடல் மீன்

மீனைப் பிடிப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. பிடித்த மீனைக் குளத்திலும் தொட்டியிலும் விட்டு வளர்ப்பதும், சீனத்துச் செல்வர் மாளிகைகளிலும் நம் கோயில் தெப்பக்குளங்களிலும் நெடுங்காலமாக நடந்துவந்த காரியமே. ஆனால் சமுத்திரத்துப் பவழப்பாறையில் பிறந்த ஒரு சிறு மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே, அதன் நிறமும் சுபாவமும் குன்றாமல் வருஷக்கணக்கில் வாழவைப்பது மனிதன் மிகச் சமீபத்தில்தான் கற்றுக்கொண்ட வித்தை. இந்த வித்தையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். கடலோரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மீனைக் காட்சிக்கு வைப்பதோடு திருப்தியடைந்தார்கள்; அதை நீடித்து வாழவைக்கும் உபாயத்தைத் தேடி அலைந்தவர்கள், சில விலக்குகள் நீங்கலாக, கடலைக் காண நெடுந்தூரம் போகவேண்டியிருந்த ஊர்க்காரர்கள்.

இதை எழுதுகிற ஊரும் அப்படிப்பட்டதே. அம்பாங்கான், சிரம்பான் பட்டணத்தின் கிழக்குப் புறத்தில் இருக்கிறது. கடலோ தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, போர்ட்டிக்சனில் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டில் சுங்கை உஜோங் ரயில்பாதை இவ்விரண்டையும் இணைத்தபோது, ஈயமும் காப்பியும், பிற்பாடு ரப்பரும் கடலை நோக்கிப் போயினவே தவிர, கடல் இங்கே வரவில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் லயங்களில் பிறந்த தமிழனுக்குக் கடல் என்பது பாட்டனார் கப்பலேறிக் கடந்துவந்த கதை. அது போக, விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்க் காலை நனைத்துவரும் மணற்கரை. அவன் பிள்ளைப் பிராயத்தில் வளர்த்த மீன் வாய்க்காலிலும் சதுப்பிலும் பிடித்த சண்டை மீன். மலாய்க்காரர் ஈக்கான் லாகா என்று சொல்லும் அந்த மீன், மேல்பரப்புக்கு வந்து வெளிக்காற்றையே உறிஞ்சிச் சுவாசிக்கவல்ல உறுப்பைப் பெற்றிருப்பதால், ஒரு பழைய போத்தலில், ஒரு வாதுமைச் சருகுக்கு அடியில், மாதக்கணக்கில் கிடக்கும். அந்தப் பழக்கத்தோடு கடல் மீனிடம் வருகிறவன் ஏமாறுவான். போத்தல் நீரை மன்னிக்கிற குணம் பவழப்பாறை மீன்களுக்குக் கிடையாது.

பவழப்பாறை மீன்களுள்ளும் இக்காலத்து வளர்ப்போர் மிகவும் விரும்புவது ஃபேரி ராஸ் என்ற இனம். கிளி மீன்களுக்கு உறவான ராஸ் குடும்பத்தைச் சேர்ந்தது; ஒரு சாணுக்கும் குறைந்த நீளம்; செம்மை, ஊதா, பொன், நீலம் என்று ஒன்றோடொன்று கலந்த நிறங்கள். பாறைச் சரிவுகளின் அடிவாரத்தில், உடைந்த பவழத் துண்டுகள் பரவிக் கிடக்கும் தரைக்குச் சற்று மேலே, கூட்டமாக நின்றுகொண்டு, நீரோட்டத்தில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பகல் முழுவதும் கொத்தித் தின்னும். பெரும்பாலும் எல்லாம் பெண்ணாகவே முதலில் முதிர்ந்து, அவற்றுள் வலியது பின்னர் ஆணாக மாறும். மாறிய ஆண் தன் பெண்களின் முன்னே துடுப்பை விரித்து, ஒரு கணத்தில் மேனி நிறத்தையே மின்னலடித்தாற்போல் மாற்றிக் காட்டும். இரவில் பாறையிடுக்கில் புகுந்து, தன் உடலிலிருந்து சுரக்கும் கோழையால் தன்னைச் சுற்றிப் படலம் பின்னிக்கொண்டு உறங்கும். அறுபதுக்குக் குறையாத வகைகள் இதுவரை அறியப்பட்டுள்ளன.

நம் பிராந்தியத்தில் காணப்படும் நீலப் பக்கங்களையுடைய ஒரு வகைக்கு 1851-இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் பீட்டர் பிளேக்கர் என்ற டச்சுக்காரர். 1842 முதல் 1860 வரை கீழை இந்தியத் தீவுகளில் ராணுவ வைத்தியராக இருந்த இவர், பத்தேவியா நகரத்தின், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவின், மீன் அங்காடிக்கு வந்த மீன்களையெல்லாம் வாங்கிச் சாராயத்தில் இட்டு, வர்ணித்து, வரைந்து, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேர்த்தார். மீன்களைப் பற்றி இவ்வளவு எழுதிய மனிதர் உலகத்தில் வெகு சிலரே. ஆனால் பிளேக்கர் பெயரிட்ட மீன் செத்த மீன். சாராயக் குப்பியில் நிறம் கரைந்து வெளுத்துப்போன மீன். அந்தக் காலத்து இயற்கைநூல் முழுவதுமே அப்படித்தான். ஒரு பிராணி எப்போது இறந்தது, எங்கே பிடிபட்டது என்று எழுதப்பட்டதே ஒழிய, எப்படி வாழ்ந்தது என்று கேட்க யாருக்கும் வசதி இருக்கவில்லை.

அந்த வசதியை முதலில் தேடியவர்களுள் ஒருவர் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1846-இல் அவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து சில கற்பவழங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் நீர் கிடைப்பது துர்லபம்; ஆகவே இருந்த நீரையே கெடாமல் காக்க வேண்டியதாயிற்று. திறந்த ஜன்னலின் முன்னே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அந்த நீரைத் தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றி ஊற்றும்படி ஏற்பாடு செய்தார். பின்னர் கடற்பாசிகளையும் அதில் சேர்த்து வளர்த்தார். பவழங்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் உயிரோடு இருந்தன. நீரை ஊற்றியவள் வீட்டு வேலைக்காரி. அவள் பெயர் சரித்திரத்தில் ஏறவில்லை. கூலி உழைப்பின் மேல் எழுந்த ஊர்களில் வாழ்கிற நமக்கு இது புதிய செய்தியல்லவாதலால் மேலே செல்கிறேன்.

சிறிது காலத்துக்குள் இந்த முயற்சி ஒரு மோகமாகவே பரவிவிட்டது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னணியில் இருந்த பிலிப் ஹென்றி காஸ் அடுத்த வருஷமே 'அக்வேரியம்' என்ற தலைப்பில் நூல் வெளியிட்டு, அந்தச் சொல்லையே உலகத்துக்குப் பழக்கப்படுத்தினார். கடலுக்குத் தூரமான பட்டணவாசிகளின் பொருட்டு, சில உப்புகளைக் குழாய்நீரில் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் பிரசுரித்தார். இன்றைக்கு அம்பாங்கானில் ஒருவர் வாளியில் உப்பைக் கலக்கும்போது, காஸ் தொடங்கிய காரியத்தையே செய்கிறார்.

இந்தியாவுக்கு இந்தக் கலை வந்தது சென்னை வழியாக. அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் வகுத்த திட்டப்படி மெரினா கடற்கரையில் எழும்பிய கடல்மீன் காட்சிசாலை 1909-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்த சென்னைவாசிகள், அந்தச் செத்த காலேஜின் பராமரிப்பிலேயே உயிருள்ள மீன்கள் நீந்தும் ஒரு கட்டடம் கடற்கரையில் இயங்கிவந்ததைக் கண்டார்கள். 1919-இல் அது மீன்வளத் துறையின் வசம் ஒப்புவிக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பகைவர் குண்டுவீச்சுக்கு அஞ்சி மூடப்பட்டது. பின்னர் அது பழைய உருவில் திறக்கப்படவேயில்லை.

என் அபிப்பிராயத்தில், கடற்கரைக் காட்சிசாலைகள் எவற்றுக்கும் இயல்பாக அமைந்த வசதியே அவற்றின் குறையும் ஆயிற்று. வாசலில் கடல், நீர் கெட்டால் புது நீர், மீன் இறந்தால் நாளைக்குக் கட்டுமரத்தில் வேறொரு மீன். ஒரு மீன் ஏன் இறந்தது என்று தூக்கமிழந்து யோசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவனும், நேற்று நின்ற மீன்தான் இன்று நிற்கிறதா என்று கேட்கமாட்டான்.

மலாயாத் தமிழர்களுள் ஒரு தலைமுறையினர் கடல் மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் கண்ட இடம் சிங்கப்பூராகவே இருந்திருக்கக்கூடும். சிங்கப்பூரில் வாழ்ந்து பொருளீட்டி, ஹாலந்துக்குத் திரும்பி 1930-இல் காலமான வான் கிளீஃப் என்பவர் தம் ஆஸ்தியை அந்த நகரத்துக்கு எழுதிவைத்தார். அந்தப் பணத்தில், யுத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, 1955 செப்டம்பரில் ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் வான் கிளீஃப் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. அதன் காப்பாளராகப் பல வருஷம் இருந்த அலெக் ஃபிரேசர்-பிரன்னர், பவழப்பாறை மீன் குடும்பங்களை ஆராய்ந்து பெயர்பெற்ற அறிஞர். ஆனால் ஜனங்கள் இன்று அவரை அறிவதெல்லாம், சிங்கப்பூரின் அடையாளமாகிவிட்ட சிங்க முகமும் மீன் உடலுமான மெர்லயன் சின்னத்தை 1964-இல் வரைந்தவர் என்ற அளவில்தான். அந்தக் காட்சிசாலையும் 1996-இல் மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது.

இனி வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மீன்கள் ஏன் செத்தன என்பதைச் சொல்ல இயலாது. பவழப்பாறை மீன்களைப் பிடித்து அயல்நாட்டுக்கு அனுப்பும் தொழில் 1930-களில் இலங்கையில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு, முக்குளிக்கும் மூச்சுக் கருவியும், பிளாஸ்டிக் பையும், விரைவான விமானமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர, அது பெருந்தொழிலாகியது. தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ராட்னி ஜோங்கிளாஸ் தாமே முக்குளித்து, கைவலையால் மெதுவாக மீன் பிடிக்கும் முறையில் தேர்ந்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். கைவலை முறையில் பிடிப்பவனுக்குப் பொறுமை வேண்டும். வியாபாரத்துக்கோ பொறுமை இல்லை. 1960-களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் சயனைடு விஷத்தைக் கரைத்துப் பாறையிடுக்கில் பீய்ச்சி, மயங்கிய மீன்களை அள்ளும் வழக்கம் புகுந்தது. ஆற்றில் துபா வேரை இடித்துக் கரைத்து மீனை மயக்குவது இந்த மலாய் மண்ணுக்கும் தெரிந்த வித்தையே. ஆனால் துபாவால் பிடித்த மீன் அன்றே குழம்புக்குப் போயிற்று. சயனைடால் பிடித்த மீனோ ஒரு வீட்டுத் தொட்டிக்குப் போய், நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதே, உள்ளுறுப்புகள் சிதைந்து சில வாரங்களில் இறந்தது. வளர்ப்பவன் தன் நீரைக் குறைசொன்னான், கடைக்காரனைக் குறைசொன்னான், விதியைக் குறைசொன்னான். குற்றம் நடந்தது ஆயிரம் மைலுக்கு அப்பால்.

நான் முன்னே சொன்ன விலக்குகளுள் மிகப் பெரியது இந்தக் காலத்தில்தான் தோன்றியது. பிளேக்கர் சாராயக் குப்பிகளை அடுக்கிவைத்த அதே கடலோர நகரத்தில், நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, லீ சின் எங் என்ற சீனர் பவழப்பாறையிலிருந்து உயிரினங்கள் ஒட்டிய கற்களை அப்படியே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கி, வெறும் காற்றுக்குமிழியை மட்டும் விட்டு, மீன்களையும் பவழங்களையும் சேர்த்து வாழவைத்தார். 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் தம் முறையை விவரித்தார். அந்தக் காலத்து மேல்நாட்டார் பவழங்களை வெளுக்கவைத்து, எலும்புபோல் உலர்த்தி, அலங்காரத்துக்கு நட்டு, தரைக்கடியில் சல்லிக் கற்களின் ஊடே நீரைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்கள்; ஆசியாவிலிருந்து வந்த இந்த எளிய யோசனையை அவர்கள் பொருட்படுத்த இருபது வருஷம் பிடித்தது. உயிர்க்கல்லின் ரகசியம் அதன் துவாரங்களில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உட்புறத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டையும் உடைத்துக் காற்றாக்கி வெளியேற்றுகின்றன.

அந்த யோசனை முழுமை பெற்ற இடம் பெர்லின். பால்டிக் கடலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால்; பவழக் கடலோ உலகத்தின் மறுபுறம். அங்கே ஒரு உயிர்க்கல்லின் விலையும் ஒரு மீனின் விலையும் சாமானியமானவையல்ல. இறந்ததற்கு ஈடாக இன்னொன்றைக் கடற்கரையில் போய்ப் பொறுக்கிவர முடியாது. ஆகவே டீட்ரிஷ் ஸ்டூபர் முதலிய வளர்ப்போர் 1970-களிலும் 80-களிலும் ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் தேடினார்கள். உயிர்க்கல்லை வைத்தார்கள், அழுக்கு அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியைப் பொருத்தினார்கள், வலிய விளக்கைத் தொங்கவிட்டார்கள், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை, பீட்டர் வில்கன்ஸ் காட்டிய வழியில், ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற அதே சுண்ணாம்புதான். பவழம் உயிரோடு வளரத் தொடங்கியது. ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த கிளைப் பவழத்தின் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாடுகளுக்குச் சென்றன. பவழத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு முழுவதும், பவழத்தைத் தின்னாத, தெளிந்த நீரையும் பாறையிடுக்கையும் வேண்டுகிற ஃபேரி ராஸுக்கும் உகந்ததாக அமைந்தது அதன் பாக்கியம்.

அந்த முறை 1990-களுக்குப் பிறகு புத்தகங்களின் வழியாகவும் கருவிகளின் வழியாகவும் உலகமெங்கும் பரவி, நம் நாட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. 2003-இல் கோலாலம்பூரில் கேஎல்சிசி அக்வேரியா திறந்தபோது சாதாரணக் குடும்பங்களும் பவழப்பாறையை நேரில் கண்டன. ஆசை வீட்டுக்கும் தொற்றியது. தொடக்கத்தில் ஃபேரி ராஸ் இனத்துக்கு நேர்ந்த மரணங்களை வளர்ப்போர் நோயென்று எண்ணினார்கள். நாளடைவில் தெரிந்த காரணங்கள் வேறு.

முதலாவது, குதிப்பு. மிரண்டால் மேல்நோக்கிப் பாய்வது இந்த மீனின் சுபாவம்; கடலில் மேலே நீர் இருக்கிறது, தொட்டியில் மேலே கூரை இருக்கிறது. விளக்கு சட்டென்று அணைந்தாலும், வேறொரு மீன் விரட்டினாலும், விடிகாலையில் அது தரையில் காய்ந்து கிடக்கும். கண்ணாடி மூடியிட்டால் நம் ஊர் வெப்பம் உள்ளே தங்கிவிடும். ஆகையால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய வலையே மூடியாக ஏற்பட்டது. என்னைக் கேட்டால், இந்த இனத்தின் ஆயுளை நீட்டியதில் விலையுயர்ந்த கருவிகள் பலவற்றைவிட அந்த வலைக்கே பங்கு அதிகம்.

இரண்டாவது, பசி. பகல் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்னும் மீனுக்குத் தங்கமீனுக்குப் போடுவதுபோல் ஒரு வேளை இரை போட்டால், அது உடனே சாகாது. முதுகு மெலிந்து, வயிறு ஒட்டி, மாதங்கள் கழித்துச் சாகும். இந்தத் தாமதமே வளர்ப்பவனின் கண்ணைக் கட்டிவிடுகிறது. உறையவைத்த ஆர்ட்டீமியாவையும் மைசிஸ் இறாலையும் நாளுக்கு மூன்று வேளையாவது கொடுப்பவர்களிடத்திலேயே இது வருஷக்கணக்கில் நிலைக்கிறது. தோட்டத்து வேலைக்கோ தொழிற்சாலை முறைவேலைக்கோ விடியுமுன் புறப்படுகிறவருடைய வீட்டில் இது பெரும்பாலும் பெண்டிரின் பொறுப்பாகிவிடுகிறது. வளர்ப்பவர் என்று பெயர் பெறுபவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். லண்டன் வேலைக்காரியின் கதை முடிந்துவிடவில்லை போலும்.

மூன்றாவது, தனிமை. கடைக்காரர்கள் நிறத்துக்காக ஆணை மட்டுமே வரவழைப்பார்கள். தனியே விடப்பட்ட ஆண், காட்டுவதற்குப் பெண்ணும் எதிர்க்கப் பிறிதோர் ஆணும் இல்லாமையால், மாதங்கள் செல்லச்செல்ல நிறம் மங்கிப்போகும். முதலில் பெண்களையும், அவை பழகிய பின் ஆணையும் விடுவதே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரம்பான் பக்கத்து வீடுகளில் பிற்பகலில் 30 டிகிரிக்கு மேல் போவது சகஜம். விளக்கும் பம்பும் அதைக் கூட்டும். ஆழத்திலிருந்து வந்த வகைகளுக்கு 25, 26 டிகிரியே சுகம். குளிர்விக்கும் இயந்திரத்துக்கு மின்கட்டணம் ஏராளம். விசிறி வைப்பவர்கள், ஆவியாவது நீர்தான், உப்பு அல்ல என்பதை மறந்து, குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றிவிட்டால், சில வாரங்களில் தொட்டி கடலைவிட உவர்த்துவிடும். ஊற்ற வேண்டியது வடிகட்டிய நன்னீர்.

இந்த வரலாற்றின் கடைசிப் பக்கம் மிகச் சமீபத்தில் எழுதப்பட்டது. மாலத்தீவுக் கடலில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும் ரோஜா நிறத்து ஃபேரி ராஸ் ஒன்று, 1983-இல் சாகோஸ் தீவுக்கூட்டத்திலிருந்து வர்ணிக்கப்பட்ட வேறொரு வகையென்றே நெடுநாள் கருதப்பட்டு வந்தது. 2022-இல்தான் அது தனி வகையென்று நிறுவப்பட்டு ஃபினிஃபென்மா என்ற பெயரைப் பெற்றது; அதை வர்ணித்தவர்களுள் ஒருவரான அகமது நஜீப் மாலத்தீவைச் சேர்ந்தவர். விஞ்ஞானம் பெயரிடுவதற்கு முன்பே அந்த மீன் அலங்கார மீன் வியாபாரத்தில் விலைபோய்க்கொண்டிருந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து அவசரமாக மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பி, அது தலைகீழாக மிதப்பதுண்டு. படிப்படியாக ஏற்றுகிற முக்குளிப்பவனிடமிருந்து வந்த மீன் பிழைக்கும். கடையில் பையோடு தொங்குகிற மீனில் இந்த வித்தியாசம் உடனே தெரியாது. ஆகவே கடைக்காரர் முன்னிலையில் அது இரை தின்பதையும் நேராக நீந்துவதையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும். அவசரப்படுத்துகிற கடையில் வாங்கவே வேண்டாம்.

நம்மவர்களில் இவற்றை வளர்ப்போர்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பிளேக்கர் காலம் முதல் இன்றுவரை இந்த மீன்கள் பிடிபட்ட தேதிகளும் பெயர் பெற்ற தேதிகளும் நூல்களில் பதிவாகியிருக்கின்றன; வீடுகளில் எத்தனை வருஷம் வாழ்ந்தன என்ற கணக்கு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே கரைந்துபோகிறது. மீன் வந்த நாள், வந்த நாடு, தின்ற இரை, நீரின் சூடு, ஆணாக மாறிய மாதம், கடைசியில் இறந்த நாளும் காரணமும் ஆகிய இவற்றை ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில், தமிழிலேயே, எழுதிவையுங்கள். இந்தத் தலைமுறையின் நோட்டுகள் இல்லாமல் அடுத்தவர் எவரும் இந்த வரலாற்றை எழுத முடியாது.